தாத்தாவுக்கு எத்தனை நாள்? ஈஸ்டர் விடியற்காலை ஐந்து வயதுப் பிள்ளையைக் கல்லறைக்குக் கூட்டிப் போகலாமா?

சத்துவாச்சாரி டெய்லரம்மா | 24 மார்ச் 2026

பெரியவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு இரண்டு. வீட்டுக்காரர் ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் பத்து நாளாவது நைட் டூட்டி வரும். காலை எட்டரைக்கு வந்து நாலு இட்லி சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை தூங்கியாக வேண்டும். சிக்கல் அந்தத் தூக்கத்தில்தான்.

போன அக்டோபரில் மாமனார் தவறிவிட்டார். தெருவில் ஒட்டிய போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தார்கள். பெரியவள் அப்போதுதான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள். நி, த், தி, ரை என்று விரல் வைத்துப் படித்துவிட்டு, "நித்திரைன்னா என்னம்மா?" என்று கேட்டாள். வீடு முழுக்க ஆட்கள், அடுப்பில் டீ. "தூக்கம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அகராதியைப் புரட்டினால் நான் சொன்னது சரிதான். அடக்கத்துக்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம்.

அப்புறம் அவள் அப்பாவைப் பகலில் தூங்க விடுவதே இல்லை. அரை மணிக்கு ஒரு தரம் போய்க் கன்னத்தைத் தட்டுவாள். அவர் 'ம்ம்' என்று முனகினால் திரும்பி வருவாள், முனகாவிட்டால் கண் இமையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் குறும்பு என்று நினைத்து இரண்டு முறை முதுகில் போட்டும் விட்டேன். பொங்கல் சமயத்தில்தான் வாயைத் திறந்தாள்: "அப்பா தாத்தா மாதிரி தூங்கறாரான்னு பாத்தேன்." அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஈஸ்டர் வருகிறது. ஏப்ரல் 3 புனித வெள்ளி, 5 ஈஸ்டர். சண்டே ஸ்கூலில் பாட்டும் வசனமும் நடக்கிறது. போன ஞாயிறு வண்டியில் திரும்பும்போது, கிரீன் சர்க்கிள் நெரிசலில், முன்னால் நின்றுகொண்டு கேட்கிறாள்: "ஏசப்பா மூணு நாள்ல எழுந்துட்டாரு. நம்ம தாத்தாவுக்கு எத்தனை நாள்?" பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளை, பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

வீட்டு நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வாலாஜாப்பேட்டைப் பெண், பிறந்தது இந்துக் குடும்பம், காதல் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகவே மாட்டார்கள். என் தாத்தாவை எடுத்தபோதுகூட நாங்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டோம். வீட்டுக்காரர் குடும்பம் அமெரிக்கன் மிஷன் காலத்திலிருந்து சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஈஸ்டரன்று விடியற்காலை நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம், அங்கிருந்து சர்ச்சில் ஆராதனை. கல்யாணமான முதல் வருடம் பயந்துகொண்டே போனேன். போய்ப் பார்த்தால் நேதாஜி மார்க்கெட் பூக்கடையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கொட்டின மாதிரி சாமந்தி. கல்லறைக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு, வரிசையாக மெழுகுவத்தி, ஒரு பெரியவர் தன் மனைவி கல்லறைத் திண்டில் உட்கார்ந்து பிளாஸ்க்கில் டீ ஊற்றிக் குடிக்கிறார். அன்றைக்கே பயம் போய்விட்டது.

மாமனாருக்கு இது முதல் ஈஸ்டர். பேரப்பிள்ளைகள் எல்லாரும் வரவேண்டும் என்கிறார் அத்தை. என் அம்மாவோ போனில், "இன்னாடி இது, பச்சப் புள்ளய விடியக்காலைல சுடுகாட்டுக்குக் கூட்டினு போவியா? காத்து கருப்பு அண்டிச்சின்னா?" என்று ஒரே சத்தம். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நடுவில் நிற்கிறேன்.

கூட்டிப் போகலாமா? 'எத்தனை நாள்' என்பதற்கு என்ன சொல்வது?

இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. புனித வெள்ளியன்று 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி ஆராதனையில் இரண்டு வயதுப் பையனை எப்படி உட்கார வைக்கிறீர்கள்? அப்புறம், பெங்களூரிலிருந்து வரும் நாத்தனார் பிள்ளைகளுக்காக மொட்டை மாடியில் ஈஸ்டர் முட்டை தேடும் விளையாட்டு வைக்கச் சொல்கிறார். சாக்லேட் முட்டை, காலை பதினோரு மணி, வேலூர் மொட்டை மாடி. அவர் இந்த ஊரில்தான் பிறந்து வளர்ந்தார் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

(தெருவில் பாதிப் பிள்ளைகளின் வெள்ளை ஃபிராக் என் மிஷினில்தான் இருக்கிறது. என் மகளுடையது இன்னும் வெட்டக்கூட இல்லை. பதில் போட லேட் ஆனால் மன்னிக்கவும்.)

---

பாகாயம் பாட்டி | 24 மார்ச்

அம்மா, முப்பது வருஷத்துக்கு மேல் சண்டே ஸ்கூல் நடத்தினவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் அந்த 'நித்திரை'யை எடுத்துக் கீழே வை. அது பெரியவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட வார்த்தை. குழந்தை காதில் விழுகிற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும். தூக்கம் என்றால் தூக்கம், ஊருக்குப் போனார் என்றால் ஊர்.

எனக்கு ஆறு வயதில் தம்பி அம்மை கண்டு இறந்தான். 'ஊருக்குப் போயிருக்கான்' என்றார்கள். வீடு காட்பாடி ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரம். மெட்ராஸ் வண்டி, திருப்பதி வண்டி, எது வந்தாலும் வாசலுக்கு ஓடுவேன். ஒரு வருஷம் ஓடினேன். கடைசியில் உண்மையைச் சொன்னது வீட்டில் யாருமில்லை, பால்காரர்.

'தாத்தா செத்துப்போயிட்டார்' என்றே சொல். உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, வலிக்காது, பசிக்காது, திரும்பி வீட்டுக்கு வரமாட்டார். இந்த நாலும் போதும். ஒரே நாளில் பதியாது, ஐந்து வயதில் சாவு என்றால் திரும்பாதது என்பதே முழுசாகப் புரியாது. பத்துத் தரம் கேட்பாள், பத்துத் தரமும் அதையே சொல்.

'எத்தனை நாள்' என்றால், அந்த நாள் கடவுளுக்குத்தான் தெரியும் என்று சர்ச் சொல்வதை அப்படியே சொல்லலாம். நாளைக்கே என்று நினைத்துக்கொள்ளாதபடி, 'ரொம்ப ரொம்ப நாள்' என்று சேர்த்துச் சொல். செத்துப்போன தன் நண்பன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு அழுதார். அந்தக் கதையையும் சொல்லிவை. மாமியார் அழுதால் பிள்ளை மிரளாது.

கல்லறைக்குத் தாராளமாகக் கூட்டிப் போ. ஆனால் சும்மா நிற்க வைக்காதே. பூத்தட்டையோ தண்ணீர்ச் செம்பையோ கையில் கொடு. உன் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, அவர்கள் பயம் பிள்ளை மேல் இருக்கிற ஆசைதான்.

மும்மணிக்கு: 12 மணிக்கே போய் உட்காராதே. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பிரசங்கம், எனக்கே முட்டி பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி வாக்கில் போனால் கடைசி மூன்று வார்த்தைக்கு இருக்கலாம். பக்கவாசல் ஓரம், கடைசி பெஞ்சு. முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். சின்னவனுக்கு அதுதான் புனித வெள்ளி.

---

ஆற்காட்டார் | 25 மார்ச்

முட்டையும் முயலும் வேதத்தில் எங்கே இருக்கிறது? வெள்ளைக்காரன் பழக்கத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு உயிர்த்தெழுதலை மிட்டாய் வேட்டையாக்கிவிட்டோம். கல்லறைக்குப் பூ வைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கல்லறை காலி என்பதுதான் செய்தியே. வீட்டில் அமர்ந்து யோவான் 20ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டுங்கள், அது போதும்.

---

குடியாத்தம் அப்பா | 25 மார்ச்

ஐயா, முயலை விட்டுவிடுகிறேன், அது ஜெர்மன்காரர்கள் வீட்டு முயல். முட்டைக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் 40 நாளும் கறி மட்டுமில்லை, முட்டையும் தொடமாட்டார்கள். கோழிக்கு அது தெரியுமா? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். சேர்ந்த முட்டையையெல்லாம் ஈஸ்டரில் தின்று தீர்த்தார்கள். கிழக்கத்திய சபைகளில் ஆண்டவருடைய இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயம் போடுவார்கள். அதனால் நம் பிள்ளைகள் நாலு முட்டை தேடினால் விசுவாசம் குறைந்துவிடாது.

சிஸ்டர், நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கன்). எங்களுக்குச் சனிக்கிழமை ராத்திரித் திருவிழிப்புதான் பெரிது. கோயில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே புதுத் தீ மூட்டி, அதில் பாஸ்கா திரி என்கிற பெரிய மெழுகுவத்தியை ஏற்றி, அதிலிருந்து ஒருவர் கைத் திரியிலிருந்து அடுத்தவர் கைக்கு வெளிச்சம் போகும். திரியில் அந்த வருடத்து எண்ணைப் பதிப்பார்கள். போன வருடம் என் பெரிய பெண், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில், "ரெண்டு, சைபர், ரெண்டு, அஞ்சு" என்று உரக்கப் படித்தாள். சின்னது என் தோளில் தூங்கியபடியே உயிர்ப்பைக் கொண்டாடியது.

இதைச் சொல்வதற்குக் காரணம், மெழுகுவத்தி. கல்லறையிலும் உங்களுக்கு அதுதான். பிள்ளை கையில் கொடுத்தால் பேப்பர் டம்ளர் அடியில் ஓட்டை போட்டு, திரியை அதில் சொருகிக் கொடுங்கள். தலைமுடியைப் பின்னிவிடுங்கள். நெட் துணி ஃபிராக் என்றால் கையில் கொடுக்கவே வேண்டாம், குப்பென்று பிடித்துக்கொள்ளும். எங்களுக்கு ஒரு தடவை ரிப்பனோடு போயிற்று.

சாக்லேட் யோசனையை மறந்துவிடுங்கள். 34 டிகிரியிலேயே இளகிப்போகும், நம் ஊர் மாடித் தளம் ஏப்ரல் பதினோரு மணிக்கு தோசைக்கல். போன வருடம் ஏப்ரல் 20, இன்னும் மோசம். (மார்ச் 21 அன்றோ அதற்கு அப்புறமோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு என்று கணக்கு. அதனால்தான் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் இப்படி ஓடுகிறது.) விளையாட்டைக் காலை ஏழுக்கு வையுங்கள், சர்ச்சிலிருந்து வந்த கையோடு.

சாயம் நாங்களே போடுகிறோம். வெள்ளை முட்டைதான் வேண்டும், நாட்டுக்கோழி முட்டையில் நிறம் பளிச்சென்று தெரியாது. இரண்டு கை நிறைய வெங்காயச் சருகு, காய்கறிக் கடையில் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஒரு ஸ்பூன் வினிகர். முட்டை மேல் ஒரு கொத்தமல்லி இலையை விரித்து ஒட்டி, பழைய வேட்டித் துணியில் இறுக்கிக் கட்டி, அந்தத் தண்ணீரிலேயே வேகவிடுங்கள். பிரித்தால் செங்கல் நிறத்தில் வெள்ளை இலை. மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள், சங்குப்பூ போட்டால் நீலம். பீட்ரூட் என்னமோ ரோஸ் என்பார்கள், எனக்கு ஒரு தடவையும் சாம்பல் நிறம் தாண்டி வரவில்லை. ஆறினதும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும்.

வெந்த முட்டை இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாப்பிட வேண்டாம். இரண்டு வயதுப் பையன் இருக்கிறான், கடலை, உருண்டை மிட்டாய் எதையும் ஒளிக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். முக்கியமாக, எத்தனை முட்டை, எங்கெங்கே ஒளித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அனுபவம் பேசுகிறது.

---

தோட்டப்பாளையம் சேச்சி | 26 மார்ச்

நான் கோட்டயம். வேலூருக்கு நர்ஸ் வேலைக்கு வந்து 14 வருஷம். தமிழ் எழுத்து பஸ் போர்டு பார்த்துப் படித்தது, தப்பு இருந்தால் க்ஷமிக்கணும்.

நைட் டூட்டி கண்டால் எனக்கு உங்கள் மோளுடைய விஷயம்தான் மனசில் நிற்கிறது. தூங்குகிற ஆளுக்கும் மரிச்ச ஆளுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. காட்டுங்கள். அப்பா தூங்கும்போது அவள் கையை எடுத்து அவர் வயிற்றில் வையுங்கள். ஏறுது, இறங்குது. மூக்குக்கு முன்னால் விரல் வைத்தால் சூடான காற்று. குறட்டை இருந்தால் இன்னும் நல்லது, வாசலில் நின்றே தெரியும், எழுப்ப வேண்டாம். அப்புறம் ஒரு அலாரம் கடிகாரத்தை அவள் பொறுப்பில் கொடுங்கள். மூணு மணி அடித்தால் அப்பாவை எழுப்புவது அவள் டூட்டி. என் மகனுக்கு இது கேட்டது.

இன்னொன்று. எங்களுக்குப் பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) ராத்திரி வீட்டிலேயே பெசஹா, இயேசுவின் கடைசி இரவு உணவை நினைத்து. அரிசி, உளுந்து, தேங்காய் சேர்த்துப் புளிக்காமல் அவித்த அப்பம், மேலே குருத்தோலையில் ஒரு குருசு. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பால். குடும்பத்தில் மூத்தவர் முறித்து, பெரியவர் தொடங்கி சின்னக் குட்டி வரை கொடுப்பார். மூணு மணி நேரம் பெஞ்சில் உட்காரத் தெரியாத குழந்தைக்கும் இது தெரியும். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லை என்றாலும், தாத்தா உட்காரும் இடத்தில் இந்த முறை யார் உட்கார்வது என்று முன்னாலேயே பேசிவையுங்கள். எங்கள் அப்பச்சன் மரிச்ச வருஷம் அவர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் நின்றோம், அப்பம் ஆறிப்போச்சு.

---

சத்துவாச்சாரி டெய்லரம்மா | 26 மார்ச்

பாட்டி, அண்ணா, சேச்சி, எல்லாருக்கும் நன்றி. ஆற்காட்டாருக்கும்தான், யோவான் 20ஐ வாசிக்கிறேன். மரியாள் இயேசுவைத் தோட்டக்காரர் என்று நினைத்துவிட்ட இடத்தைச் சொன்னதும் பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் உட்கார்ந்து பேசப் போகிறேன். போய்விட்டு வந்து சொல்கிறேன். ஏழு ஃபிராக் பாக்கி.

---

சத்துவாச்சாரி டெய்லரம்மா | 7 ஏப்ரல்

சொன்னபடி வந்துவிட்டேன். கொஞ்சம் நீளும்.

குருத்தோலை ஞாயிறு சாயந்திரம், அவள் ஓலையில் சிலுவை முடைந்துகொண்டிருந்தாள், நான் மிஷினில். கையை நிறுத்தாமலே சொன்னேன், நிறுத்தினால் சொல்லியிருக்க மாட்டேன். "தாத்தா தூங்கலடா. செத்துப்போயிட்டார். மூச்சு நின்னுடுச்சு. இனிமே வீட்டுக்கு வரமாட்டார். நான்தான் அன்னைக்குத் தப்பா சொல்லிட்டேன்." அவள் ஓலையை மடித்துக்கொண்டே, "பசிக்குமா?" என்றாள். பசிக்காது. "குளிருமா?" குளிராது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கண்ணாடிய ஏன் எடுத்து வெச்சிருக்கோம்?" என்று கேட்டாள். மாமனார் கண்ணாடி டிவிக்குப் பக்கத்தில் கூட்டோடு அப்படியே இருக்கிறது. அத்தை தினமும் துடைப்பார். "பாட்டிக்குப் பாக்கணும்னு இருக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு பிஸ்கெட் கேட்டாள். அழுதது நான்தான், கஸ்டமர் துணி நனைந்தது.

சேச்சி சொன்ன வயிற்று வைத்தியம் முதல் நாளே பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரருக்குக் குறட்டை தாராளம். அதை இவ்வளவு நாள் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன ஒன்று, பிளவுஸ் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் வாசலிலேயே நின்று, "எங்கப்பா உள்ள தூங்கறாரு, சாகல" என்று அறிவிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு அம்மா பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாட்டி சொன்ன மாதிரி இரண்டு மணிக்குப் போனோம். கடைசி பெஞ்சு, பக்கவாசல். நாங்கள் உட்காரவும் ஐந்தாம் வார்த்தை ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. ஆயர் மைக்கில் நிறுத்தி, நிதானமாக, "தாகமாயிருக்கிறேன்" என்றார். சின்னவன் என் மடியிலிருந்து எழுந்து நின்று, "எனக்கும் தண்ணி!" என்று ஒரு கத்தல். முன்னால் நாலு வரிசை தோள் குலுங்கியது. ஆயர் நல்ல மனிதர், ஒரு விநாடி தலையைக் குனிந்துகொண்டார், அப்புறம் தொடர்ந்தார். மூன்று மணிக்குப் பச்சைப்பயறு போட்ட கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும். பையன் இரண்டு டம்ளர் குடித்தான்.

சனிக்கிழமை யாரும் எதிர்பார்க்காதபடி என் அம்மா வந்து இறங்கினார். ஒரு கையில் கறுப்புக் கயிறு, இன்னொரு கையில் ஆற்காட்டில் இறங்கி வாங்கின மக்கன் பேடா. தடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று தயாராக நின்றேன். அத்தையும் அம்மாவும் வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. எழுந்து வந்து அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நீங்க போய்ட்டு வாங்க. சின்னத எழுப்பாதீங்க, நான் பாத்துக்கறேன். வந்ததும் கால் கழுவிட்டு உள்ள வரணும்." கயிற்றைப் பெரியவள் கணுக்காலில் கட்டிவிட்டார். வெள்ளை சாக்ஸுக்குள் மறைத்துவிட்டேன். அத்தை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முட்டைச் சாயம் பிரமாதம் அண்ணா. கொத்தமல்லி இலை அச்சு எடுத்த மாதிரி விழுந்தது. பெங்களூர்ப் பையன்கள் ஒரு கட்டு கொத்தமல்லியையும் காலி செய்துவிட்டார்கள், ஞாயிறு பிரியாணிக்கு மறுபடி வாங்க வேண்டியதாயிற்று. பீட்ரூட் பற்றி நீங்கள் சொன்னது சத்தியம்.

மகள் ஃபிராக் ராத்திரி ஒரு மணிக்கு முடிந்தது. முடிந்தது என்றால், கீழ் ஓரம் மிஷினில் அடிக்கவில்லை, கையால் ஓட்டு தையல் போட்டு நிறுத்தினேன். நெட் வைக்கவில்லை, வெறும் காட்டன்.

நாலு மணிக்குக் கிளம்பினோம். பௌர்ணமி முடிந்து மூன்று நாள், நிலா மேற்கே சாய்ந்து இன்னும் வெளிச்சமாக இருந்தது. வண்டியில் அவள் மடியில் செம்பு, வழி நெடுக மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எப்போதும் போல சாமந்தி வாசனையும் மெழுகு வாசனையும். பயப்படுவாள் என்று கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். உதறிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

மாமனாருக்குப் போன மாதம்தான் கல் வைத்திருந்தார்கள். கறுப்புக் கிரானைட், வெள்ளை எழுத்து. நான் அந்தக் கல்லைப் பற்றி யோசிக்கவே இல்லை. அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, டம்ளருக்குள் இருந்த மெழுகுவத்தியைக் கிட்டே பிடித்து, விரல் வைத்துப் படிக்கிறாள். கர்த்தருக்குள் நி, த், தி, ரை. எனக்கு வயிற்றில் கல் விழுந்தது.

"பாட்டி, தப்பா எழுதியிருக்காங்க."

ஜெபத்துக்கு முன்னால் இருக்கிற அமைதி. சுற்றி நாலைந்து குடும்பம்.

"தாத்தா தூங்கல, செத்துப்போயிட்டாரு. தூங்கினா குறட்டை கேக்கும்."

நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். வீட்டுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை கல்லைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் சிரித்தார். அக்டோபருக்கப்புறம் அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் கேட்கவில்லை. "உங்க தாத்தா தூங்கினா இங்க ஒருத்தரும் நிம்மதியா படுத்திருக்க முடியாதுடி" என்றார். பக்கத்துக் கல்லறைப் பெரியவர், அதே பிளாஸ்க் ஆள், டீயைச் சிந்திவிட்டார்.

அப்புறம் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டேவிட்டாள், என்னிடம் இல்லை, பாட்டியிடம். "ஏசப்பாவுக்கு மூணு நாள். தாத்தாவுக்கு எத்தனை நாள் பாட்டி?" நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை, "தெரியலயே கண்ணு. நானும் அதான் காத்துனு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து கல்லைக் கழுவினார்கள். நித்திரை என்ற எழுத்தின் மேல் அவள் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்தாள்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் பக்கெட்டில் தண்ணீரோடு தயாராக நின்றார். அத்தை உட்பட எல்லாரும் வரிசையாகக் கால் கழுவினோம்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லலாம். ஆராதனை முடிந்து ஏழேகாலுக்கு மாடியில் முட்டை தேடினார்கள். மெழுகு சொட்டின ஃபிராக்கை ஐஸ் வைத்துச் சுரண்டி, மேலே பழுப்புத் தாள் போட்டு அயர்ன் செய்தேன், போய்விட்டது. மதியம் மட்டன் பிரியாணி, முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்கு. மக்கன் பேடாவுக்குச் சண்டை.

நேற்று வீட்டுக்காரர் நைட் முடித்து வந்து படுத்தார். பெரியவள் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரே ஒரு தரம்தான் போனாள், போர்வையை இழுத்துவிட. மூன்று மணிக்கு அலாரம் அடிக்கவும் எழுப்பினாள். அவர் எழுந்து உட்கார்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். ஆறு மாதமாகிறது, முழுசாகத் தூங்கி.

குடியாத்தம் அண்ணா, ஒரு விஷயம். இருபத்து நாலு முட்டை ஒளித்தோம், இருபத்து மூன்று கிடைத்தது. தாளில் எழுதி வைக்கவில்லை. நாத்தனார் பெங்களூர் போய்விட்டார், போனில் கேட்டால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்கிறார், அப்புறம் துளசி மாடத்துப் பக்கம் என்கிறார். எங்கள் மாடியில் துளசி மாடமே கிடையாது. இன்று மதியத்திலிருந்து காற்று அடிக்கும்போதெல்லாம் தெரிகிறது. இருட்டுவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும், டார்ச் எடுத்துக்கொண்டு போகிறேன்.